முட்டைக்குக் குவளை கிடையாது

மார்ச் 3

நாத்தனாருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். பத்து மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவர்களுக்குள் அது எதற்கு? நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மதியம் கடைக்கு ஒருவர் வந்தார். போன வருடம் அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில் நம் மூன்றடுக்குக் கேக் சரிந்து விழுந்ததே, அந்தப் பெண்ணின் அம்மா. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் ஒளிய இடம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அவர் நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ரெண்டாவது பொண்ணுக்கு மே பத்தாம் தேதி கல்யாணம். அதே கேக் வேணும். விழுந்ததை வழிச்சு வழிச்சுத் தின்னவங்க இன்னும் அந்த ருசியைப் பத்திப் பேசுறாங்க. இந்தத் தடவை நிக்கணும், அவ்வளவுதான்” என்றார். “சரிம்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

உன் அண்ணனிடம் சொன்னேன். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே போட்டார். “இதுவும் விழுந்துச்சுன்னா போர்டைக் கழட்டிடலாம். ரெண்டாவது தடவை அந்த மண்டபத்துல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க என்னால முடியாது” என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. ஆக, இந்தக் கேக் நின்றால் கடை நிற்கும்.

நிற்க வைப்பது என் பொறுப்பு. ருசிதான் உன்னுடையது. நீ எழுதிச் சுவரில் ஒட்டிய தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. எட்டு அங்குலக் கேக்குக்கு மாவு இரண்டு குவளை, சர்க்கரை ஒன்றரைக் குவளை, வெண்ணெய் ஒரு குவளை, முட்டை ஐந்து. தாளை விட்டுவிட்டுக் குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அந்த நீல எனாமல் குவளையை அனுப்பி வை. கல்யாணம் முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

அண்ணி

மார்ச் 11

அண்ணிக்கு,

குவளை வராது.

ஒன்பது வருடம் நில அளவை அலுவலகத்தில் கணக்குப் போட்டவர் நீங்கள். நான் பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவள். எனக்கே தெரிகிற விஷயம் உங்களுக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் ஒரே குவளையால் அளந்தால் அது என் குவளையாக இருந்தால் என்ன, உங்கள் காப்பிக் குவளையாக இருந்தால் என்ன? இரண்டு, ஒன்றரை, ஒன்று. கேக் கொஞ்சம் பெரிதாக வரும், இல்லை சிறிதாக வரும். ருசி மாறாது.

இன்னொன்றும் கேட்கிறேன். “கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டேன். கைதான் தப்புப் பண்ணிடுச்சு” என்று அந்த மண்டபத்தில் இருநூறு பேர் காதில் விழச் சொன்னீர்களே, தப்புப் பண்ணிய கையின் குவளை உங்களுக்கு எதற்கு?

இங்கே ஓட்டலில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சமையலறை தரைக்குக் கீழே. ஜன்னலில் தெருவில் நடக்கிறவர்களின் செருப்பு மட்டும்தான் தெரியும். மாவு பிசையும் இயந்திரத்துக்குள் நானே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரியது. எல்லாம் தராசில் எடை போட்டுத்தான். நான் போடும் முன்பே எடையைச் சொல்லிவிடுவதால் எனக்குக் ‘கண்தராசு’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே யாரும் என் கையைக் குறை சொல்வதில்லை.

நாத்தனார்

மார்ச் 17

கண்தராசு அவர்களுக்கு,

நீ சொன்னதை அப்படியே செய்து பார்த்தேன். கடையில் இருக்கும் இருநூற்று நாற்பது மில்லிக் குவளையால் அளந்து, ஐந்து முட்டை உடைத்து ஊற்றி, அடுப்பில் வைத்தேன். வெளியே வந்ததைக் கீழே போட்டால் துள்ளும். உன் அண்ணன் இரண்டு வாய் மென்றுவிட்டு, “செருப்புக்கு அடிப்பாகம் தைக்கலாம்” என்றார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. வெட்கமாகத்தான் இருக்கிறது. நீ சொன்னது சரி, விகிதம் மாறாவிட்டால் எந்தக் குவளையும் ஒன்றுதான். மாவுக்கும் சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் அது பொருந்தும். ஆனால் முட்டைக்குக் குவளை கிடையாது. என் குவளை சின்னது என்பதற்காகக் கோழி சின்ன முட்டை போடுமா? குவளை சிறுத்ததும் மற்ற மூன்றும் குறைந்தன, முட்டை மட்டும் ஐந்தாகவே நின்றது. அதனால்தான் ரப்பர். எனக்கு உன் குவளை வேண்டாம், அதன் கொள்ளளவு தெரிந்தால் போதும்.

ஒரு நூலை எடுத்து வாய்ப் பக்கம் ஒரு சுற்று, அடிப் பக்கம் ஒரு சுற்று, உயரத்துக்கு ஒரு துண்டு என்று அளந்து எழுது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அளவு தெரிந்துவிட்டால் மற்றது சுலபம். அடுக்குகள் பதினான்கு, பதினொன்று, எட்டு அங்குலம். போன வருடம் நீ பதினான்கு அங்குலத் தட்டுக்கு எட்டு அங்குலக் கேக்கின் மாவைப் போல இரண்டு பங்கு கலந்துவிட்டு, தட்டு நிறையவில்லையே என்று என்னை முறைத்தாய், நினைவிருக்கிறதா? விட்டத்தைப் பார்த்து மாவு கலக்கக் கூடாதம்மா, பரப்பைப் பார்க்க வேண்டும். பதினான்கை எட்டால் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்கினால் மூன்று சொச்சம். பதினொன்றுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. எட்டுக்கு ஒன்று. மூன்றையும் கூட்டிப் பார், கிட்டத்தட்ட ஆறு. ஆறு கேக்கின் மாவு கலந்தால் மூன்றடுக்கும் ஒரே உயரத்தில் வரும். இவ்வளவு அழகாக முழு எண் வந்ததும் எனக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது.

மண்டபத்தில் நான் சொன்னதைப் பற்றி எழுத வேண்டும். இந்தக் கடிதத்தில் முடியவில்லை.

அண்ணி

மார்ச் 26

அண்ணிக்கு,

எண்ணாக எழுதினால் தப்பாக எழுதிவிடுவேன். அதனால் நூலையே உள்ளே வைத்திருக்கிறேன். ஒரு முடிச்சுப் போட்டது வாய், இரண்டு முடிச்சு அடி, முடிச்சில்லாதது உயரம். நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அலங்காரத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தெரிந்ததுதானே என்று விட்டிருப்பீர்கள். பதினான்கு அங்குலத்துக்குச் சுற்றளவு நாற்பத்து நான்கு, நாலு அங்குலத்துக்கு ஒரு கிரீம் தொங்கலாகப் பதினொன்று என்று ஏற்கெனவே காகிதத்தில் வரைந்து வைத்திருப்பீர்கள். அந்த நாற்பத்து நான்கு வெறும் கேக்குக்கு. மேலே கால் அங்குலத்துக்குக் கிரீம் பூசிவிட்டால் சுற்று ஒன்றரை அங்குலம் கூடிவிடும். ஒவ்வொரு முறையும் கடைசித் தொங்கல் இடம் சரிப்பட்டு வராமல், அங்கே ஒரு ரோஜாவை அப்பி மறைப்பீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரோஜா அழகாக இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. பூசிய பிறகு நூலைச் சுற்றி அளந்து, அதைப் பதினொன்றாகப் பிரியுங்கள்.

இப்போது என் பங்கு. யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். நம் அடுப்பின் பின்மூலை சூடு அதிகம், உங்களுக்கே தெரியும். அன்று அடிக் கேக் ஒரு பக்கம் தூக்கலாக வெந்திருந்தது. மேல்தட்டைத் தாங்க ஐந்து குச்சி செருகினேன் அல்லவா, ஒவ்வொரு குச்சியையும் அது நின்ற இடத்தில் கேக்கின் மட்டத்துக்கு வெட்டினேன். பார்வைக்கு அவ்வளவு கச்சிதமாக இருந்தது. இங்கே வந்த பிறகுதான் எங்கள் தலைமைச் சமையல்காரர் குச்சி வெட்டுவதைப் பார்த்தேன். முதலில் ஒன்றை வெட்டிவிட்டு, மற்ற நான்கையும் அதோடு சேர்த்துப் பிடித்து ஒரே நீளத்துக்கு வெட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேக் சாய்வாக இருந்ததால் என் குச்சிகளும் ஒன்று உயரம், ஒன்று குட்டை என்று நின்றிருக்கின்றன. மேலே இருந்த இரண்டு அடுக்கும் சரிந்ததற்குக் காரணம் நான்தான்.

ஆக, நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனாலும் அதை அங்கே சொல்லியிருக்க வேண்டாம்.

நாத்தனார்

ஏப்ரல் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

நூல் கிடைத்தது. வாய் இருபத்தாறு சென்டிமீட்டரும் நாலு மில்லிமீட்டரும், அடி பத்தொன்பதும் எட்டும், உயரம் ஏழு. மேலே அகன்று கீழே குறுகிய பாத்திரம் என்பதால் ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட வேண்டியிருந்தது. விடை முந்நூறு மில்லி, ஒரு மில்லி குறைவு. கடைக் குவளையில் ஒன்றேகால் மடங்கு. ஆகவே என் குவளைக்கு ஐந்து முட்டை கூடாது, நாலு போதும். நாலு உடைத்தேன். ரப்பர் போயே போய்விட்டது.

குச்சியும் வெட்டினேன், ஐந்தும் ஒரே நீளம். கேக்கின் தலையை மட்டமாகச் சீவிவிட்டு, மூன்றடுக்கையும் ஏற்றி, உன் அண்ணனின் வேனில் வைத்து, இந்த ஊரில் உள்ள அத்தனை வேகத்தடையிலும் ஏற்றி இறக்கச் சொன்னேன். போஸ்ட் ஆபீஸ் எதிரில் இருக்கும் பள்ளத்திலும் இறக்கினார். கேக் ஒரு நூல் அளவுகூட அசையவில்லை. எனக்கு இனி மேடையைப் பற்றிப் பயமில்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியது. நீ உன் பங்கை இவ்வளவு நேர்மையாக எழுதிய பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

அந்தக் குச்சிகளை நான் பார்த்தேன்.

அன்று காலையில் உன்னிடம் அளவுகோலை நீட்டினேன். “எனக்குக் கண்ணு இருக்கு அண்ணி, இதை நீங்களே வெச்சுக்கோங்க” என்று சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. மண்டபத்தில் நீ குச்சி செருகிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனபோது குனிந்து பார்த்தேன். ஒரு பக்கத்துக் குச்சிக்கும் மறுபக்கத்துக் குச்சிக்கும் ஒரு அரிசி அளவு வித்தியாசம். கூப்பிட்டுச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். கொஞ்சம் சாயட்டும், அப்போதாவது அளவுகோலின் அருமை தெரியட்டும் என்று நினைத்தேன். விழும் என்று நினைக்கவில்லை. விழுந்ததும் பயத்தில் வாய் தானாக உன் மேல் பழியைப் போட்டது.

தெரியாமல் செய்தது நீ. தெரிந்தே விட்டது நான். என்னை மன்னித்துவிடு.

ஒரு குறை மட்டும் பாக்கி. கேக் நிற்கிறது, மிருதுவாகவும் இருக்கிறது, ஆனால் தொண்டையில் லேசாக அடைக்கிறது. உன்னுடையது அப்படி அடைக்காது. எங்கே இடிக்கிறது என்று தெரியவில்லை.

அண்ணி

ஏப்ரல் 12

பார்த்தீர்களா?

பதினொரு மாதமாக இந்தக் கையைப் பார்த்துப் பார்த்து, இது உருப்படாத கை என்று நானே திட்டிக்கொண்டிருந்தேன். இங்கே சேர்ந்த புதிதில் கேக் மேல் கேக் ஏற்றச் சொன்னால் பாத்திரம் கழுவுகிற பக்கம் போய் நின்றுகொள்வேன். நீங்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறீர்கள்.

எனக்கு இப்போது எழுத வரவில்லை. உங்கள் கேக்கின் வறட்சிக்கு நீங்களே வழி பாருங்கள்.

ஏப்ரல் 27

அன்புள்ளவளே,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கல்யாணத்துக்குப் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

இதுவரை ஒன்பது கேக் சுட்டுவிட்டேன். வெண்ணெயைக் கூட்டினேன், கையில் எண்ணெய் வழிந்தது. அரை முட்டை கூட்டினேன், பழையபடி துள்ள ஆரம்பித்தது. சூட்டைக் குறைத்தேன், நடுவில் பள்ளம் விழுந்தது. உன் அண்ணன் தினமும் காலையில் கேக்தான் சாப்பிடுகிறார். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். “இதுவே நல்லாத்தானே இருக்கு” என்கிறார். நல்லாத்தான் இருக்கிறது. அந்த அம்மா கேட்டது நல்ல கேக்கை இல்லை, அதே கேக்கை.

கணக்கில் தப்பில்லை என்று அடித்துச் சொல்வேன். அப்படியானால் நீ செய்கிற ஏதோ ஒன்று அந்தத் தாளில் இல்லை. நீ மறைத்தாய் என்று சொல்லவில்லை. உனக்கே தெரியாமல் செய்கிற ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்த முறை கேக்குக்கு அளக்கும்போது உன் கையைக் கொஞ்சம் கவனி. தெரிந்தால் எழுது. என் மேல் கோபம் தீர்ந்த பிறகு எழுத வேண்டும் என்பதில்லை, கோபத்தோடே எழுது.

எழுதாவிட்டாலும் பத்தாம் தேதி அந்தக் கேக் மேடையில் நிற்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அண்ணி

மே 2

அண்ணிக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் எடை என்பதால் குவளையால் மாவு அளந்தே ஒரு வருடமாகிறது. நேற்று அறையிலிருந்து என் குவளையைக் கொண்டுவந்து, பழைய மாதிரியே அளந்தேன். பக்கத்தில் வேலை செய்கிற அக்காவைப் பார்க்கச் சொன்னேன். சர்க்கரையைக் கரண்டியால் அள்ளிப் போட்டேன், வெண்ணெயையும் அப்படியே. மாவுக்கு மட்டும் குவளையையே டப்பாவுக்குள் முக்கி அள்ளினேன். அந்த அக்கா கையை நீட்டிக் காட்டிவிட்டுச் சொன்னார்: “உன் கட்டைவிரல் உள்ளே இருக்கு.”

குவளைக்குக் காது கிடையாது. அதனால் விளிம்பைப் பிடிக்கிறபோது கட்டைவிரல் முழுக்க உள்ளே போய்விடுகிறது. விரல் இருக்கிற இடத்தில் மாவு எப்படி இருக்கும்? இத்தனை வருடமாக ஒவ்வொரு குவளை மாவிலும் ஒரு விரல் குறைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

அளந்தும் பார்த்துவிட்டேன். குவளையில் தண்ணீர் நிரப்பி அளவுச் சாடியில் ஊற்றினேன். முந்நூறுக்கு ஒரு மில்லி குறைவு. நீங்கள் ஒரு பக்கம் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை நான் ஒரு நிமிடத்தில் தண்ணீர் ஊற்றிக் கண்டுபிடித்தேன், இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பிறகு மறுபடியும் நிரப்பி, விரலை உள்ளே விட்டு, வழிந்தது போக மீதியை ஊற்றினேன். இருநூற்று எழுபத்தெட்டு. ஆக என் விரல் இருபத்தொரு மில்லி.

எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

நாத்தனார்

மே 11

என் அருமை நாத்தனாருக்கு,

நின்றது.

மாலை நாலு மணிக்கு ஏற்றினோம். வெட்டியது எட்டு மணிக்கு. நாலு மணி நேரமும் நான் பக்கத்தில் ஒரு தூண் போல நின்றேன், கேக் என்னைவிட நன்றாக நின்றது. பூசிய பிறகு நூலைச் சுற்றிப் பிரித்ததால் பதினொரு தொங்கலும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் வந்தன. எங்கேயும் ரோஜா தேவைப்படவில்லை. சும்மா இருக்கட்டும் என்று உச்சியில் ஒன்று வைத்தேன்.

உன் விரலைக் கணக்கில் சேர்த்தேன். ஒரு குவளைக்கு இருபத்தொன்று, கேக் ஒன்றுக்கு இரண்டு குவளை, மொத்தம் ஆறு கேக். இருநூற்று ஐம்பத்திரண்டு மில்லி வந்தது. அதாவது நான் கடைக் குவளையில் ஒன்றுக்கும் மேலாக மாவை அதிகமாகப் போடப் பார்த்திருக்கிறேன். தொண்டை அடைக்காமல் என்ன செய்யும்?

பெண்ணின் அம்மா முதல் துண்டை வாயில் போட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். மென்றார், கண்ணை மூடினார், இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு, “அதேதான்” என்றார். உன் அண்ணன் அங்கேயே மூக்கை உறிஞ்சினார். கேட்டால் ஜலதோஷம் என்கிறார்.

அந்த மண்டபத்தில் அன்று இருந்தவர்களில் பாதிப்பேர் நேற்றும் இருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினேன். “போன வருஷம் கேக் விழுந்ததுக்கு என் நாத்தனார் கை காரணம்னு இங்கேதான் சொன்னேன். குச்சி கோணலா இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லலை. இன்னைக்கு நீங்க சாப்பிடுற ருசி அவ கையோடது” என்று சொன்னேன். பிறகு பந்தி பரிமாறுகிற பெண் ஒருத்தி கை தட்டினாள்.

இப்போது கேள். உன் குவளையின் அளவு என்னிடம் இருக்கிறது. உன் விரலின் அளவும் இருக்கிறது. சுவரில் புதுத் தாள் ஒட்டிவிட்டேன், எல்லாம் கிராமில். இனி எந்த நாளும், யார் சுட்டாலும், உன் கேக் இந்தக் கடையில் வரும். வேலைக்கு நீ தேவையில்லை.

அதனால் தைரியமாகக் கேட்கிறேன். கடைக்காகக் கூப்பிடுகிறேன் என்று நீ நினைக்க இனி இடமில்லை. எனக்கு நீ வேண்டும். வீட்டுக்கு வா.

அண்ணி

மே 16

அண்ணி,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மைக் பகுதியை அந்த அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். “உங்க அண்ணிக்கு வாய் கொஞ்சம் லேட்டா வேலை செய்யுது” என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இங்கே சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வந்துவிடுவேன். ஒரே ஒரு நிபந்தனை. குச்சி நான்தான் வெட்டுவேன். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தப்பாக இருந்தால், அன்று நமக்குள் எவ்வளவு பெரிய சண்டை நடந்திருந்தாலும், வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

உங்கள் நாத்தனார்